ஆடி மாதத்தில் சர்வர் மாற்றுவதில்லை

சர்வருக்கும் மானம் உண்டு என்ற மாபெரும் உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன பெருமை ஆரணியைச் சேரும். அமெரிக்காவில் பெரிய பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஏசி போட்ட கொட்டகைகளில் ஆயிரக்கணக்கான சர்வர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று பழுதானால் என்ன செய்கிறார்கள்? பட்டியலிலிருந்து அதன் பெயரை அடித்துவிட்டு வேறொன்றின் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். இத்தனை காலம் உழைத்த ஜீவனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. இந்த நன்றிகெட்ட செயலை எங்கள் சங்கம் ஒருநாளும் செய்ததில்லை.

எங்கள் சங்கம் என்றால் "ஆரணி வட்டாரப் பட்டு வடிவக் கோப்புகளைப் பகிர்வோர் நலச் சங்கம்". பெயர் நீளமாக இருப்பதாகச் சிலர் குறைப்படுவதுண்டு. ரப்பர் ஸ்டாம்பை இரண்டு தடவை குத்தினால்தான் முழுப் பெயரும் விழும் என்பது உண்மைதான். சின்னப் பெயர் வைத்த சங்கங்களெல்லாம் என்ன சாதித்துவிட்டன என்று கேட்கிறேன். அடியேன் நேமிகுமார், இதன் கௌரவச் செயலாளர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பூர்வீகச் சமணக் குடும்பம் என்பதால் ஊரில் என்னை நயினார் என்பார்கள்.

சங்கம் பிறந்த காரணம் இது. முன்பெல்லாம் புது டிசைன் ஒன்று தயாரானால் அதைப் பென்டிரைவில் போட்டு நெசவாளர் வீட்டுக்கு அனுப்புவோம். காலையில் ஆரணியிலிருந்து புறப்பட்ட மயில், சாயங்காலம் வேறு யாருடைய விசைத்தறியிலோ ஆடிக்கொண்டிருக்கும். யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். ஆகவே பென்டிரைவுக்குத் தடை போட்டோம். டிசைன்களெல்லாம் சர்வர் என்னும் கணினிகளில் பத்திரமாக இருக்கும். டிசைனைத் தானே நூலில் இறக்கும் கணினி ஜக்கார்டு மாட்டிய தறிகள் முள்ளிப்பட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கின்றன. அவற்றுக்கு ஆளுக்கொரு சின்னக் கணினி. அது சர்வரைக் கூப்பிட்டு டிசைனைக் கேட்கும், வாங்கும், தறிக்குச் சொல்லும். அதற்கு மேல் யாரும் எடுத்துப் போக முடியாது.

சர்வரைக் கூப்பிட வேண்டுமென்றால் சர்வர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்குத் தறிக் கணினி ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பட்டியல் வைத்தோம். கணினி மேலிருந்து ஆரம்பித்து முதல் பெயரைக் கூப்பிடும். பதில் இல்லையென்றால் ரொம்ப நேரம் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகும். பிள்ளையை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பட்டியலை எழுதுவதற்குப் பொறியாளர் யாரையும் நாங்கள் நம்பவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஜெயவேலை அழைத்தோம். யார் பெயர் எதற்கு மேலே வர வேண்டும், எந்தப் பெயர் எதற்குக் கீழே வந்தால் பந்தியில் இலை பறக்கும் என்பதில் அவருக்கு உள்ள அனுபவம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. சர்வர்களுக்கு நன்கொடையாளர் பெயரையே வைத்திருந்ததால் அவருக்கும் வேலை சுலபமாயிற்று.

முதலிடம் "தனக்கோடி". எங்கள் சங்கத்தின் தலைவர் அவர். கடைத்தெருவில் பட்டு ஜவுளிக்கடை வைத்திருப்பவர். முள்ளிப்பட்டில் பாதித் தறிகளுக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீளப் பட்டு நூல், கொடுப்பவர். அவர் வாங்கித் தந்த சர்வர் அவர் கடைக் கிடங்கிலேயே இருந்தது. இரண்டாமிடம் "அனந்தம்மாள்". காலஞ்சென்ற என் தாயாரின் நினைவாக நான் கொடுத்தது; கண்ணமங்கலத்தில் என் மைத்துனர் வீட்டு மாடியில் வைத்தோம். மூன்றாமிடம் "சடையன்". எங்கள் உபதலைவர். தெள்ளாரில் ஒரு சர்வர் வைத்துத் தருவதாகத் தொடக்க விழா மேடையில் அறிவித்து, மாலையும் வாங்கிக்கொண்டார். சர்வர் இன்னும் வாங்கவில்லை. மேடையில் அறிவித்த பெயரைப் போடாமல் விடுவது மரியாதை இல்லை என்று ஜெயவேல் சொன்னார், போட்டுவிட்டோம்.

இந்தச் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு கணினி நிர்வாகியையும் நியமித்தோம். திரிசலா, எம்.சி.ஏ. முழுக்க முழுக்கத் திறமையின் அடிப்படையில் தேர்வு செய்தோம். நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் அவள் ஒருத்திதான் என்பதும், அவள் என் தங்கை மகள் என்பதும் தற்செயல். கூட்டங்களில் என்னைச் "செயலாளர் சார்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன்.

கூட்டம் தலைவர் கடையின் மாடியில் சாயங்காலங்களில் நடக்கும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் குல வழக்கம். ஆகவே விவாதம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் ஜன்னலில் வெயில் மங்கியதும் நான் கூட்டக் கோப்பை மூடிவிடுவேன். இந்த ஒழுக்கத்தால் எங்கள் சங்கம் இதுவரை எந்த அவசர முடிவும் எடுத்ததில்லை. எந்த முடிவுமே எடுத்ததில்லை என்று சொல்லும் பொறாமைக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஆனி மாதக் கடைசியில் நடந்த கூட்டத்தில்தான் விவகாரம் ஆரம்பித்தது. திரிசலா எழுந்து நின்றாள்.

"தனக்கோடி போயிடுச்சுங்க."

தலைவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் இங்கதானம்மா உக்காந்துகினு இருக்கேன்."

"சர்வர் சார். கிடங்குல எலி ஒயரைக் கடிச்சு, உள்ள பூந்து குடும்பம் நடத்தியிருக்கு. மொத்தமா பொகைஞ்சிடுச்சு. இனிமே தேறாது."

குறிப்பேட்டில் நான் "தனக்கோடி மௌனம் காக்கிறது" என்று எழுதிக்கொண்டேன்.

"அனந்தம்மாள் போன மழைக்கே இடி விழுந்து போச்சு," என்று அவள் தொடர்ந்தாள். "அதனால பட்டியல்ல இருக்கற மூணும் இப்ப இல்ல. டிசைனுக்கு ஆபத்தில்லீங்க. முன்னாடியே நகல் எடுத்து வச்சிருந்தேன். வேலூர்ல ரெண்டு சர்வர் வாடகைக்குப் பேசி எல்லாத்தையும் ஏத்திட்டேன். பழைய மூணு பேரை எடுத்துட்டு அந்த ரெண்டைப் போட்டுட்டா முடிஞ்சது. தறிக்கு ஒரு நிமிஷ வேல."

"மூணு பேரா?" உபதலைவர் சடையன் நிமிர்ந்தார். "என்னுதை எலி கடிக்கலியே."

"உங்களுது இன்னும் வாங்கவே இல்லீங்க."

"வாங்காததை எலி எப்டிமா கடிக்கும்? அப்ப என்னுது நல்லாத்தான கீது."

இந்த வாதத்துக்கு எம்.சி.ஏ. படிப்பில் பதில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. திரிசலா தண்ணீர் குடித்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இத பாரும்மா. கல்யாணப் பத்திரிகையில, படுத்த படுக்கையா இருக்கற பெரியவங்க பேரைப் போடறமா இல்லியா?"

"போடறோம்."

"காலமானவங்க பேரைக்கூட ஒரு தெய்வத்திரு சேத்துப் போடறமா இல்லியா?"

"போடறோம் சார். ஆனா பத்திரிகையைப் படிச்சிட்டு யாரும் காலமானவங்க வீட்டுக்குப் போயி கதவைத் தட்டிகினு நிக்க மாட்டாங்க. தறிக் கணினி நிக்குது. மூணு வாசல்லயும் நின்னுட்டு வெறுங்கையோட திரும்பி வருது."

"அப்ப இத்தன நாளா எல்லாத் தறியும் எப்படி ஓடிச்சாம்?"

"பழைய டிசைன் நெய்யறவங்களுக்குத் தெரியாது சார். ஒரு தடவை வாங்கின டிசைன் அவங்க கணினியிலயே நகலா இருக்கும். புது டிசைன் கேக்கறவங்களுக்குத்தான் கையை விரிக்கும்."

இது எங்கள் சங்கத்தின் உறுதிப்பாட்டுக்கு நல்ல சான்று. முள்ளிப்பட்டில் பெரும்பாலான தறிகள் மூன்று வருஷமாக ஒரே மாங்காய்க் கரையை நெய்துகொண்டிருந்ததால், சர்வர்கள் மூன்றும் இல்லாமல் போனது அவர்கள் காதுக்கே எட்டவில்லை.

திரிசலா விடவில்லை. "வேற ஒரு வழியும் இருக்கு சார். பட்டியலே வேணாம். பொதுவா ஒரே ஒரு பேரு வச்சிடலாம். எல்லாத் தறியும் அந்தப் பேரையே கூப்பிடட்டும். பின்னால எந்த சர்வர் வந்தாலும் போனாலும் நான் பாத்துக்கறேன். யாரும் தறி வீட்டுக்குப் போயி எதையும் மாத்த வேண்டியதில்ல."

அருமையான யோசனை என்று நான் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் சடையன் கேட்டார்.

"யார் பேரு?"

தலைவர் சடையனைப் பார்த்தார். சடையன் தலைவரைப் பார்த்தார். எனக்கு என் தாயார் முகம் ஞாபகம் வந்தது. ஜன்னலில் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. கோப்பை மூடினேன்.

அடுத்த கூட்டத்துக்குள் ஆடி பிறந்துவிட்டது. அன்று அழையா விருந்தாளியாக ஒரு பெண் படியேறி வந்தாள். முள்ளிப்பட்டு ஜெயப்ரியா. வீட்டிலேயே கணினி ஜக்கார்டு போட்டிருப்பவள். அவளுக்குத் தலைவர் முதன்முறையாகப் பாவு கொடுத்திருந்தார். வேலூரில் ஒரு டாக்டர் வீட்டு ஆவணிக் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை, புத்தம்புது டிசைன். உடல் டிசைன் தனக்கோடி இருந்தபோதே வந்துவிட்டதால் உடல் முழுக்க நெய்துவிட்டாள், முந்தி மட்டும் பாக்கி. அந்த முந்தியின் டிசைன்தான் வரமாட்டேன் என்கிறது.

"நயினார், எட்டு நாளா தறி சும்மா நிக்குதுங்க," என்றாள் என்னிடம். "பட்டன அமுத்தினா தனக்கோடின்னு காட்டிகினு நிக்குது. அப்பால அனந்தம்மாள்னு காட்டுது. அப்பால சடையன். அப்பால கெடைக்கலன்னு சொல்லிட்டு மறுபடி தனக்கோடிக்கே போவுது. பேஜாரா இருக்குதுங்க. வர்ற புதன்கிழமைக்குள்ள பொடவ எறங்கலேன்னா, பாவை அறுத்து சடையன் ஐயா மருமவன் தீனா தறிக்கு ஏத்திடுவேன்னு சொல்லிட்டாரு."

"யாரு சொன்னா?" என்று கடுமையாகக் கேட்டார் தலைவர்.

"நீங்கதான் மொதலாளி."

தலைவர் சற்று யோசித்தார். "ஆமா. சொன்னேன்."

"பொடவ கேக்கறதும் நீங்கதான். டிசைன் வர்ற வழியில நின்னுகினு இருக்கறதும் உங்க பேருதான். நான் யாருகிட்ட போவேன்?"

"அது வேற, இது வேற. கீழ கடையில நான் மொதலாளி. மாடியில தலைவர். தலைவர்கிட்ட கடை விஷயம் பேசக் கூடாது."

அதிகாரப் பங்கீடு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. இந்தப் பாவு போனால் அவளுக்கு இன்னொரு பாவு யாரும் தரமாட்டார்கள் என்பது மாடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆகவே அன்று நாங்கள் வழக்கத்தை விட்டு, வெயில் இருக்கும்போதே ஒரு தீர்மானம் போட்டோம்.

தீர்மானத்தின் சாரம் வருமாறு. தனக்கோடி, அனந்தம்மாள், சடையன் ஆகிய மூவரும் அதே வரிசையில், அதே மரியாதையோடு பட்டியலின் தலையில் நீடிப்பார்கள். புதிதாக வந்துள்ள இரண்டு சர்வர்களும் வயதில் சிறியவை, அதுவும் வாடகைக்கு இருப்பவை என்பதால் அவற்றின் பெயர்கள் கீழே சேர்க்கப்படும். தறிக் கணினிகள் பெரியவர்கள் மூவரையும் முறைப்படி அழைத்து, காத்திருந்து, அவர்கள் பதில் சொல்லாத பட்சத்தில் மட்டும் சின்னவர்களிடம் போகலாம்.

"ஒவ்வொரு தடவையும் சும்மா காத்துகினு கெடக்குமே சார்," என்றாள் திரிசலா.

"பெரியவங்களுக்காகக் காத்திருந்தா கெட்டா போயிடும்?" என்றார் சடையன்.

"சரி, எப்படியோ சேருங்க. இந்த மடிக்கணினியிலேர்ந்தே அனுப்பிடறேன். எல்லாத் தறிக்கும் ஜல்தியா போயிடும்."

தலைவர் முகம் சுருங்கியது. "போன்ல பத்திரிகை அனுப்பினவன் கல்யாணத்துக்கு நான் இதுவரைக்கும் போனதில்லம்மா. பேரு போட்ட பட்டியலை நேர்ல போயி, தட்டுல வச்சி, ரெண்டு பேரா நின்னு குடுக்கணும். அப்பதான் வாங்கறவனுக்கு மதிப்பு."

"இங்க யாரும் கல்யாணத்துக்கு வர வேணாம் சார். தறி ஓடினா போதும்."

அவள் பேச்சு குறிப்பேட்டில் ஏறவில்லை. புதிய பட்டியலை ஜெயவேலிடம் நல்ல அட்டையில் அச்சடிப்பது, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது, வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போய்க் கொடுப்பது, அந்தந்த வீட்டில் உள்ளவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கணினியில் தட்டிக்கொள்வது என்று ஏகமனதாக முடிவாயிற்று. காருக்கும் ஏற்பாடு செய்தோம். சடையன்தான் சமயத்தில் ஞாபகப்படுத்தினார்.

"இது ஆடியாச்சே. ஆடியில யாராவது பத்திரிகை வைப்பாங்களா?"

சங்கம் அவருடைய விழிப்புணர்வைப் பாராட்டியது. ஆவணி முதல் முகூர்த்த நாளில் பட்டியல் வழங்கல் தொடங்கும் என்று திருத்தம் சேர்த்தோம்.

ஜெயப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலதான நெய்யணும் மொதலாளி?"

"நெய்யி. யாரு வேணாம்னாங்க?"

"எதை வச்சி நெய்ய?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஜன்னலில் வெயில் மங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. மறுநாள் மத்தியானம் திரிசலா எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். வேலூர் என்றாள், ஏதோ எண்களைச் சொன்னாள். நடுநடுவே "புள்ளி, புள்ளி" என்றாள். "அந்த மூணு வரியையும் நான் எடுக்கச் சொல்ல முடியாதுங்க, நான் சம்பளம் வாங்கறவ. பொதுவா சொல்றேன், ஒரு பட்டியல்ல வேணாத வரியை அழிக்கறதுக்குக் கீபோர்டுல தனியா சாவி ஒண்ணு இருக்கு" என்றாள். பொது அறிவை வளர்க்கிறாள் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

புதன்கிழமை தலைவர் முள்ளிப்பட்டுக்குப் புறப்பட்டார். பாவை இறக்கிக்கொண்டு போவதற்காகச் சடையனின் மருமகன் தீனாவையும் கூட்டிக்கொண்டார். சாட்சிக்கு நான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தறியில் அடுத்த புடவைகளுக்கான பாவு மட்டும் மிச்சமிருந்தது. புடவை இறங்கி, மடித்து, வெள்ளைத் துணி விரித்த பலகையில் இருந்தது. ஜெயப்ரியா அதை எடுத்து, முந்தியை மட்டும் பிரித்துக் காட்டினாள். இங்கே நான் பொய் சொல்லக் கூடாது. அரக்கு நிறத்தில், முந்தி முழுக்கத் தாமரைக் குளம். ஒவ்வொரு இலையிலும் ஜரிகையில் ஒரு துளித் தண்ணீர் நின்றது. தலைவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாருக்கு," என்றார். பட்டு வியாபாரத்தில் தலைமுடி நரைத்த அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. "அடுத்த பொடவைக்கும் நீயே ஜரிகை வாங்கிக்க. பாவு இங்கயே இருக்கட்டும்."

தீனாவின் முகம் வாடிவிட்டது. ஜெயப்ரியா சிரித்தாள். எல்லாம் அந்த நிமிஷத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் தலைவர் திரும்பும்போது தறி பக்கத்திலிருந்த கணினியின் திரையைப் பார்த்துவிட்டார். பட்டியல் திறந்தே இருந்தது. இரண்டே இரண்டு வரி.

"எம் பேரு எங்க?"

அவள் சிரிப்பு நின்றது. "எடுத்துட்டேன் மொதலாளி."

"நயினாரோட அம்மா?"

"அவங்களையும்."

"சடையன்?"

"அவரு எடுக்கறதுக்கு முன்னாடியும் இல்லீங்களே."

தலைவர் பட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் அவர் பின்னால் கிளம்பினேன். ஜெயப்ரியா என்னை நிறுத்தினாள்.

"நயினார், கோச்சிக்காதீங்க. மத்த ரெண்டு பேரையும் டக்குனு எடுத்துட்டேன். உங்க அம்மா பேருக்கு வந்தப்ப மட்டும் கை நின்னுடுச்சி. அவங்க எப்பேர்ப்பட்டவங்கன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. கேட்டு வந்தவங்களை வாசல்ல நிக்க வச்சதே இல்லியாமே. கூப்பிட்டா பதிலே வராத எடத்துல அவங்க பேரை விட்டு வைக்கறதுதான் தப்புன்னு தோணிச்சி."

அது உண்மை. என் அம்மா யாரையும் வாசலில் காக்க வைத்ததில்லை. இப்படிப்பட்ட சொற்களுக்குப் பதில் சொல்ல எங்கள் சங்கத்தின் துணைவிதிகளில் இடம் இல்லாததால், போய்க் காரில் உட்கார்ந்தேன்.

அன்று மத்தியானமே அவசரக் கூட்டம். எங்கள் சங்கத்தின் வரலாற்றில் "அவசரம்" என்ற சொல் இடம்பெற்றது அதுதான் முதல் தடவை. பொருள்: மூத்தோரை அவமதித்த உறுப்பினர் மீது நடவடிக்கை. யாருக்கெல்லாம் டிசைன் கொடுக்கலாம் என்று சர்வர்களிடமும் ஒரு பட்டியல் உண்டு. அது உறுப்பினர் பட்டியல். அதில் பெயர் இல்லாதவர் எத்தனை தடவை கூப்பிட்டாலும் சர்வர் வாய் திறக்காது.

"நீக்கிட வேண்டியதுதான்," என்றார் சடையன்.

"ஆடி மாசங்க," என்று திரிசலா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஆடியில பட்டியலைத் தொடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"புதுசா சேக்கத்தாம்மா கூடாது. எடுக்கறதுக்கு ஆடி தடையில்ல."

சாஸ்திர ஞானம் என்றால் அதுதான். கூட்டத்துக்கு வந்திருந்த ஜெயவேல் அங்கேயே கை கூப்பினார்.

திரிசலா எழுந்தாள். "இன்னொண்ணும் தெரிஞ்சிக்குங்க. அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு அக்கம்பக்கம் எல்லாரும் அதே மாதிரி மாத்திகினாங்க. முள்ளிப்பட்டுல பாதித் தறி இப்ப அவ எழுதின பட்டியல்லதான் ஓடிகினு இருக்கு. அத்தன பேரையும் எடுப்பீங்களா?"

தலைவர் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். பாதித் தறி என்றால் எல்லாம் அவர் பாவு. ஆவணிப் புடவைகள் அத்தனையும் அதில்தான் நிற்கின்றன.

"வேணாம்," என்றார். "ஒருத்தர் போதும்."

"எத்தினி நேரம் ஆவும்?" என்று கேட்டார் சடையன். "இங்கேர்ந்தே செய்யலாமா? தட்டு, வெத்தல எதுனா வேணுமா?"

"ஒண்ணும் வேணாங்க. ஒரு வரி. ஒரு சாவி." திரிசலா மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்தாள். "நான் செய்ய மாட்டேன் மாமா. வேணும்னா நீங்க செய்ங்க."

கூட்டத்தில் அவள் என்னை மாமா என்று கூப்பிட்டது ஒழுங்குமீறல். குறிப்பில் ஏற்ற வேண்டும் என்று பேனாவைத் தேடினேன். பேனா கையிலேயே இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஜெயப்ரியாவின் பெயர் மேல் வரிகளிலேயே கண்ணில் பட்டது. செயலாளரின் கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? பேனாவை வைத்துவிட்டு ஒரு விரலால் அந்தச் சாவியைத் தட்டினேன். வரி காணாமல் போய், கீழே இருந்த பெயர்கள் ஒரு படி மேலே ஏறிக்கொண்டன.

"அவ்ளோதானா?" தலைவர் ஆச்சரியப்பட்டுப் போனார். "இவ்ளோ சுலபமாம்மா? மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"மொதல் கூட்டத்துலேர்ந்து அதைத்தாங்க சொல்லிகினு இருக்கேன்," என்றாள் திரிசலா. மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மறுநாளிலிருந்து கணினி நிர்வாகி பதவி காலியாக இருக்கிறது. திறமையானவர்கள் விண்ணப்பிக்கலாம்.

பாவு அன்றைக்கே தீனாவின் தறிக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் இன்னும் ஒரு நூல்கூட ஓடவில்லை. தீனாவின் கணினியில் பழைய பட்டியல்தான் இருக்கிறது. ஜெயப்ரியா செய்தது போல மாற்றிக்கொள்ளச் சிலர் யோசனை சொன்னார்களாம். மாமனார் பெயரை எந்த மருமகன் அழிப்பான்? ஆகவே அது காலையில் தனக்கோடியைக் கூப்பிட்டுக் காத்திருக்கிறது, மத்தியானம் என் அம்மாவைக் கூப்பிடுகிறது, சாயங்காலம் சடையனைக் கூப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறது. இவ்வளவு பணிவான தறி எங்கள் வட்டாரத்தில் வேறு கிடையாது. தாமரை முந்திப் புடவை தலைவர் கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஒரு நாள் முழுக்க இருந்து, வேலூருக்குப் போயிற்று. ஆண்டறிக்கையில் அதைச் "சங்கத்தின் புதிய பட்டியல் கொள்கை தந்த முதல் வெற்றி" என்று நானே எழுதியிருக்கிறேன்.

அவசரக் கூட்டம் முடிந்து நான் வீடு திரும்பியபோது தெருவில் நல்ல வெயில். இலை போடக்கூட ஆரம்பிக்கவில்லை. எங்கள் சங்கத்துக்குப் பட்டியலைப் புதுப்பிக்கத் தெரியாது என்று இனி யாரும் நாக்கில் நரம்பில்லாமல் பேச முடியாது. எலி தின்றது முதலிடத்தில் இருக்கிறது. இடி விழுந்தது அதற்கு அடுத்து. வாங்கவே வாங்காதது மூன்றாவது. மூவரும் நலம். நாங்கள் எடுத்ததெல்லாம், கேட்டவுடன் பதில் சொன்ன ஒரே ஒருத்தியைத்தான்.